எறும்பு தொடாத காபி

எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல் ஒன்று இருக்கிறது. எனக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது என்று தெரிந்த வாரத்தில் ஒருநாள் காலை, அந்தக் கல்லின் மேல் இரண்டு டம்ளர்களை வைத்துவிட்டு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். இரண்டிலும் அடியில் ஒரு வாய் காபி மிச்சம் இருந்தது. ஒன்று என் மனைவி குடித்தது, சர்க்கரை போட்டது. இன்னொன்று நான் குடித்தது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய குட்டி மாத்திரை போட்டது. பாதி மிளகு அளவுகூட இருக்காது அந்த மாத்திரை. ஒன்று போட்டால் டம்ளர் காபியும் தித்திக்கிறது. ஆனால் அதில் சர்க்கரையே இல்லை என்கிறார்கள். சர்க்கரை இல்லாமல் தித்திப்பு எங்கிருந்து வருகிறது என்று யாரைக் கேட்பது? எறும்பைக் கேட்கலாம் என்று தோன்றியது.

அதிக நேரம் காக்க வைக்கவில்லை. முதலில் வந்த எறும்பு என் டம்ளரின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றியது, மீசையை ஆட்டிப் பார்த்தது, பேசாமல் இறங்கிப் போய்விட்டது. மனைவியின் டம்ளரில் ஏறிய எறும்பு திரும்பிப் போய் ஊரையே கூட்டிக்கொண்டு வந்தது. கல்யாணப் பந்திக்கு வருகிற மாதிரி வரிசை கட்டி வந்தார்கள். என் டம்ளர் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். மனைவியைக் கூப்பிட்டேன்.

"இங்க வந்து பாரேன். என் காபிய எறும்பு சீந்தவே இல்ல."

"வயல்ல களை மண்டிக் கெடக்கு. நீங்க எறும்புக்குக் காபி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் போகிற போக்கில் இரண்டு டம்ளரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

என் சுபாவம் அப்படி. கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் நடுவில், டவுன் பஸ் வந்து திரும்பிப் போகிற ஒரு ஊரில் சொந்தமாகக் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று நெல் போடுகிறவன் நான். படிப்பு பெரிதாக ஏறவில்லை. ஆனால் எதையும் பிரித்துப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பம்பு செட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, மாட்டத் தெரியாமல் மெக்கானிக்கிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். என் மனைவி ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பொய் சொல்கிற பிள்ளையை நின்ற நிலையிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்பது அவளுடைய பெருமை. அந்தப் பெருமை பின்னால் என்னை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

விளையாட்டாக எறும்பு பார்த்தேனே தவிர, உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. என் அப்பாவுக்கும் சர்க்கரைதான். வரப்பில் வெறுங்காலோடு நடந்தவருக்கு ஒரு முள் குத்தியது. அதை முள் என்றே அவர் நினைக்கவில்லை, வலித்தால்தானே நினைப்பதற்கு. முதலில் கட்டை விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கடைசிக் காலத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "தண்ணி பாயுதா, வடிஞ்சிருச்சா" என்று போகிற வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டே இருப்பார். தன் வயலைத் தானே போய்ப் பார்க்க முடியாதவரின் கேள்வி அது. கும்பகோணத்தில் எனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா முதல் நாளே "வயல்ல செருப்பு இல்லாம நடக்கக் கூடாது" என்று சொன்னபோது எனக்கு அந்த நாற்காலிதான் கண்முன் வந்தது.

மகன் அந்தத் தித்திப்பு மாத்திரையோடு ரத்தச் சர்க்கரை பார்க்கிற மெஷினும் அனுப்பியிருந்தான். விரல் நுனியில் ஊசியால் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், கண் மூடித் திறப்பதற்குள் நம்பர். இப்படி ஒரு சாமானை என்னைப் போன்றவன் கையில் கொடுத்தால் சும்மா இருப்பேனா? இட்லி தின்றால் எவ்வளவு ஏறுகிறது, அதே மாவில் தோசை என்றால் எவ்வளவு, பொங்கல் என்றால் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சுண்டலுக்கு அவ்வளவாக ஏறவில்லை. எங்கள் வயல் அரிசியை வடித்து, ரசத்தை ஊற்றி வயிறு நிறையச் சாப்பிட்ட அன்று மெஷின் காட்டிய நம்பரைப் பார்த்து எனக்கு முகம் வாடிவிட்டது. கல்யாண வீட்டில் தின்ற அரை லட்டுக்குக்கூட அவ்வளவு ஏறவில்லை. டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"சோறும் உள்ள போனா சர்க்கரைதாங்க ஐயா. நாக்குக்குத்தான் வேற வேற. நீங்க சாப்புட்ட அளவு என்ன, லட்டோட அளவு என்ன, அதையும் பாக்கணும்ல?"

ஊருக்கெல்லாம் நெல் அளக்கிற டெல்டாக்காரனிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. ஆனாலும் மெஷின் அதைத்தான் சொன்னது.

இன்னொன்றும் பார்த்தேன். அறுப்புக் காலத்தில் வெயில் தாங்காமல் பெட்டிக்கடையில் ஆரஞ்சுக் கலரில் ஒரு பாட்டில் வாங்கிக் குடிப்பது என் வழக்கம். அதையும் சோதித்தேன். வயிறு நிறைந்த மாதிரியே இல்லை, ஏதோ தொண்டை நனைந்தது, அவ்வளவுதான். ஆனால் சோற்றுக்கு மெதுவாக ஏறுகிற நம்பர் இதற்கு ஒரே ஓட்டமாக ஓடியது. இத்தனை வருஷமாக நான் தண்ணீர் என்று நினைத்துக் குடித்தது தண்ணீரே இல்லை. சர்க்கரை போடாத 'டயட்' பாட்டிலும் கும்பகோணத்தில் கிடைத்தது. அதைக் குடித்தால் நம்பர் அசையவில்லை. அந்தத் தைரியத்தில் பஸ் ஸ்டாண்டிலேயே இரண்டு வடையும் ஒரு பஜ்ஜியும் தின்றுவிட்டேன். மிச்சம் பிடித்ததை வடையில் தொலைத்த கதை.

டாக்டரம்மா சிரித்தார். "அந்த பாட்டிலயும் பழக்கமாக்கிக்காதீங்க. சர்க்கரை ஏறலைங்கறதாலேயே ஒரு பொருள் உடம்புக்கு நல்லதுன்னு ஆயிடாது. வருஷக்கணக்கா சாப்புட்டா என்ன பண்ணும்னு இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. கொஞ்சங் கொஞ்சமா தித்திப்பையே கொறைங்க. நாக்கு பழகிக்கும்."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று ஒரு டாக்டரே சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நானும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

என் ஆராய்ச்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தது நாட்டுச்சர்க்கரை. டீக்கடையில் எல்லோரும் சத்தியம் செய்தார்கள், நாட்டுச்சர்க்கரை ஒன்றும் செய்யாது, வெள்ளைச் சர்க்கரைதான் விஷம் என்று. பார்த்துவிடுவோம் என்று ஒருநாள் இதை இரண்டு ஸ்பூன், மறுநாள் அதை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு மெஷினோடு உட்கார்ந்தேன். மெஷினுக்கு வெள்ளையும் தெரியவில்லை, பழுப்பும் தெரியவில்லை. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நம்பர். அந்த இரண்டாம் நாள் டம்ளரோடு நான் உட்கார்ந்திருந்ததை மனைவி பார்த்துவிட்டாள்.

"சர்க்கரை வியாதின்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நீங்க சர்க்கரையக் கரைச்சுக் குடிச்சுப் பாக்குறீங்க. உங்க உடம்பு என்ன ஸ்கூல் லேபா?"

அன்று சாயங்காலத்துக்குள் வீட்டில் இருந்த சர்க்கரை, வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன், பூஜை அலமாரியில் இருந்த கல்கண்டு வரைக்கும் பக்கத்துத் தெரு அண்ணி வீட்டுக்குப் போய்விட்டன. வாழைப்பழம்கூட வாங்குவதை நிறுத்திவிட்டாள். சாமிக்கே அதற்குப் பிறகு பொட்டுக்கடலைதான். "ஒரு வீட்டுல ரெண்டு காபி கெடையாது" என்று அவளும் என் மாத்திரையையே போட்டுக் குடிக்க ஆரம்பித்தாள். அது எனக்காக என்பது தெரியும். கோபத்தோடு ஒருவர் நமக்காக ஒன்றைச் செய்யும்போது நன்றி சொல்லவும் முடிவதில்லை.

ஆவணியில் எங்கள் மாடு கன்று போட்டது. ஈன்ற மாட்டுக்குச் சில நாள் வெல்லம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம், இளைத்த உடம்பு தேறும் என்று. பிறகு நிறுத்திவிடுவோம். இந்த மாடு நிறுத்த விடவில்லை. வெல்லம் இல்லாமல் மடியில் கை வைத்தால் பாலை அடக்கிக்கொண்டு நின்றது. உள்ளங்கையில் ஓர் அச்சு வெல்லத்தை நொறுக்கி நீட்டினால் நக்கித் தின்றுவிட்டு, பெரிய மனது பண்ணிப் பால் விடும். மீதி தூளைத் தவிட்டில் கலந்து வைப்பேன். ஆக, வீட்டில் எனக்கும் சாமிக்கும் இல்லாத வெல்லம் கொட்டகையில் ஒரு டின்னில் மாட்டுக்கு இருந்தது. மனைவி அந்த டின்னை என்னிடம் ஒப்படைத்தபோது மூடியைத் தட்டி, "ஒரு நாளைக்கு ஒரு அச்சு. மாட்டுக்கு மட்டும்," என்றாள்.

விடிந்ததும் முதல் வேலை கொட்டகைதான். வெல்லம் கொடுத்து, பால் கறந்து, சிமெண்டுத் தொட்டியில் கை கழுவி, கொட்டகைத் தூணில் தொங்குகிற துண்டில் துடைத்துக்கொண்டு வருவேன். மனைவி மெஷினோடு துவைக்கிற கல்லருகே நிற்பாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்த்த பிறகுதான் காபி. நம்பரை அவளே சிங்கப்பூருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள்.

மாடு கன்று போட்ட சில நாளில் அந்த நம்பருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அதுவரை ஒழுங்காக இருந்தது ஒருநாள் இருநூறைத் தாண்டியது. இன்னொரு நாள் முந்நூறை எட்டிப் பார்த்தது. எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஏனென்றால் அதே நாள் மதியம், நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவி வந்து பார்த்தால் நம்பர் காலையைவிடக் குறைவு. சாப்பிட்டால் இறங்குகிறது, பட்டினி கிடந்தால் ஏறுகிறது. இது என்ன தலைகீழ்ப் பாடம்?

மனைவிக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. அவள் என் முகத்தை வகுப்பறைப் பார்வை பார்த்தாள்.

"டின்னுல நேத்தையவிட ரெண்டு அச்சு கொறையுது."

"மாடு ஒண்ணுக்கு மசியல. இன்னொண்ணு குடுத்தேன்."

"மாடு தின்னுச்சா?"

"வேற யாரு தின்னா?"

அவள் மெஷினை மட்டும் என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

அந்த நொடியில் எனக்கு வந்த வருத்தத்தை எப்படிச் சொல்வது? கல்யாணமாகி இத்தனை காலத்தில் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறோம். தண்ணீர் வராமல் பயிர் காய்ந்தபோது, மகன் வெளிநாடு போனபோது, பேசாமல் வாரக்கணக்கில் இருந்திருக்கிறோம். ஆனால் நான் சொன்னதை அவள் பொய் என்று நினைத்தது இல்லை. மாட்டு வெல்லத்தைத் திருடித் தின்கிறவன் என்று என்னை நினைத்துவிட்டாளே என்று குமுறினேன். சத்தியம் செய்தேன். கன்றுக்குட்டியின் தலையில் அடித்துக்கூடச் சத்தியம் செய்தேன். "மெஷின் எதுக்குங்க பொய் சொல்லப் போகுது?" என்றாள். எனக்கும் அதே கேள்விதான்.

டாக்டரம்மாவிடம் போனோம். நம்பர்களைப் பார்த்துவிட்டு, "கையக் கழுவிட்டுத்தானே பாக்குறீங்க?" என்று முதலிலேயே கேட்டார்.

"ஆமாங்க டாக்டர்," என்றேன்.

"கழுவிட்டுத்தான் வர்றாரு டாக்டர். நானே நின்னு பாக்குறேன்," என்று மனைவியும் சாட்சி சொன்னாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னை நம்பினாள். அதில்தான் கோளாறே இருந்தது என்பது அப்போது மூன்று பேருக்கும் தெரியவில்லை.

சிலருக்கு விடியற்காலையில் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும், உடம்பே உள்ளிருந்து எடுத்து விடும் என்று டாக்டரம்மா விளக்கினார். சர்க்கரைக்கு நான் போடுகிற மாத்திரையைக் கூட்டி எழுதினார். ரத்தமும் எடுத்துப் பரிசோதித்துவிடலாம் என்றார். நான்தான் நடவு முடிந்ததும் வருகிறேன் என்று தள்ளிப்போட்டேன். கிளம்பும்போது, "இதுக்கும் அடங்கலேன்னா ஊசிக்குப் போயிடலாம், பயப்பட ஒண்ணுமில்ல," என்றார். என் அப்பாவுக்கும் இதே வரிசைதான். மாத்திரை, பெரிய மாத்திரை, ஊசி, பிறகு விரல். பஸ்ஸில் வரும்போது மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். நான் வெல்லம் தின்றே என் காலைத் தொலைக்கப் போகிறேன் என்று அவள் அழுகிறாள். தின்னாமலே தொலைக்கப் போகிறேனே என்று நான் உட்கார்ந்திருந்தேன்.

சம்பா நடவுக்கு மிஷின் வந்த அன்று காலை, புது அளவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டேன். மிஷின் ஓட்டுகிறவரோடு நின்றதில் நேரம் போனது தெரியவில்லை. முதலில் பசித்தது. பிறகு பசி போய் கை நடுங்கியது. வெயிலே இல்லாதபோது சட்டை நனைந்தது. வாய்க்கால் மதகைப் பார்த்தால் இரண்டு மதகு தெரிந்தது. எப்படியோ வீட்டுக் கொல்லை வரைக்கும் நடந்து வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி ஓடிவந்து விரலைக் குத்திப் பார்த்தாள். ஐம்பது. சர்க்கரை இறங்கிவிட்டால் உடனே இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். உள்ளே ஓடினாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஜூஸ் கலக்கிக்கொண்டு வந்து என் வாயில் புகட்டினாள். பாகு மாதிரி தித்தித்தது. முழுக்கக் குடித்தேன். சரியாகிவிடும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.

சரியாகவில்லை. அவள் முகம் எனக்கு மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. இன்னொரு டம்ளர் கலக்கிக்கொண்டு வந்தாள். அதுவும் தித்திப்பு. உடம்புக்குள் எதுவும் போய்ச் சேரவில்லை. நாக்கில் மட்டும் திருவிழா நடக்கிறது, உள்ளே விளக்கெல்லாம் அணைந்துகொண்டு வருகிறது. அப்போதுதான் எனக்கு அந்த இரண்டு டம்ளரும் நினைவுக்கு வந்தன. நான் உட்கார்ந்திருந்தது அதே கல்லின் மேல்தான். இது சர்க்கரை இல்லை, காபி மாத்திரை என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கு புரளவில்லை.

"எறும்பு," என்றேன்.

"என்னங்க? என்ன சொல்றீங்க?"

"எறும்பு... எறும்பு வராது..."

பிதற்றுகிறேன் என்று வேறு யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள். அவள் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். ஒரே ஒரு கணம்தான். வீட்டில் சர்க்கரை என்று ஒரு பொருளே இல்லை என்பதும், பழக்க தோஷத்தில் ஜாடியில் இருந்த காபி மாத்திரையைத்தான் அள்ளிப் போட்டிருக்கிறோம் என்பதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ" என்று டம்ளரைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். மாட்டின் டின்னைத் திறந்து, கை நிறைய வெல்லத்தை அள்ளிக்கொண்டு வந்து, நொறுக்கி என் வாயில் திணித்தாள். மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு எங்களையே பார்த்தது. அதனுடைய பங்கை நான் தின்றது அந்த ஒருநாள்தான், அதுவும் அவள் கையால்.

கொஞ்ச நேரத்தில் இரண்டாகத் தெரிந்த கொல்லை மரம் ஒன்றானது. அவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் வாரிக் குடுத்துட்டேனே" என்று அழுதுகொண்டிருந்தாள். அவள் முடியெல்லாம் வெல்லப் பிசுக்கு.

மறுநாள் டாக்டரம்மா காலையில் காட்டுகிற முந்நூறையும் நேற்றைய ஐம்பதையும் கேட்டுவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். கையில் நரம்பில் ரத்தம் எடுத்து, மூன்று மாதத்துச் சராசரி சொல்கிற பரிசோதனை செய்தார். அது நல்லபடியாக இருந்தது. வெறும் வயிற்றில் முந்நூறு இருக்கிற ஆளுக்கு இந்தச் சராசரி வரவே வராது என்றார். "உங்க மெஷின் காலையில மட்டும் ஏதோ தப்பா காட்டுது. ஏன்னு தெரியல. மெஷின மாத்திப் பாருங்க," என்று சொல்லிவிட்டு மாத்திரையைப் பழைய அளவுக்கே இறக்கினார்.

காலையில் மட்டும் தப்பு செய்கிற மெஷின்! என் ஆர்வத்துக்கு இதைவிடப் பெரிய விருந்து வேண்டுமா? வீடு திரும்பியதிலிருந்து அதே யோசனை. அடுத்த நாள் விடிந்ததும் கொட்டகையில் உட்கார்ந்து, நான் வழக்கமாக என்னென்ன செய்கிறேன் என்று என்னையே பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் செய்தேன். வெல்லம் நொறுக்கினேன். மாடு கையை நக்கியது. கையைத் துண்டில் துடைத்தேன். பால் கறந்தேன். தொட்டியில் கை கழுவினேன். துடைப்பதற்குத் துண்டை எடுக்கத் தூணை நோக்கித் திரும்பினேன்.

தூணில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு இல்லை, அதே பந்தி வரிசை. தரையிலிருந்து கிளம்பித் துண்டில் போய் முடிந்தது. அந்தத் துண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்ததே இல்லை, துவைக்கிற துணியோடு சேர்ந்ததே இல்லை. மாடு கன்று போட்ட நாள் முதல் வெல்லப் பிசுக்குக் கையை அதில்தான் துடைக்கிறேன். கழுவின பிறகும் அதிலேயேதான் துடைக்கிறேன். கழுவுவதெல்லாம் வீண். அந்த விரலைத்தான் தினமும் குத்தி, வெல்லத்தோடு சேர்ந்த ரத்தத்தை மெஷினுக்குக் காட்டியிருக்கிறேன். மெஷின் பொய் சொல்லவில்லை. என் ரத்தத்துக்குப் பதிலாக என் துண்டைப் பரிசோதித்துச் சொல்லியிருக்கிறது. தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். கன்றுக்குட்டி மிரண்டு தாயின் பின்னால் போய் நின்றது.

மனைவியைக் கூப்பிட்டு எதுவும் விளக்கவில்லை. முக்காலியில் உட்கார வைத்தேன். இடது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவளுடைய முந்தானையில் துடைத்தேன். வலது கையைத் தொட்டியில் கழுவி, எறும்பை உதறிவிட்டு அந்தத் துண்டில் துடைத்தேன். இரண்டு கையையும் நீட்டினேன். அவளே இரண்டு விரலையும் குத்தினாள். இடது கை நூற்றுப் பத்தொன்பது. வலது கை இருநூற்று அறுபதுக்கு மேல்.

ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே வயிறு. அவள் மெஷினைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், துண்டில் மிச்சமிருந்த எறும்பைப் பார்த்தாள். நான் ஜெயித்துவிட்ட மிதப்பில் ஏதோ சொல்லப் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

"மெஷின நம்புனேன். உங்களை நம்பல," என்றாள்.

துண்டை உருவி எடுத்துத் துவைக்கிற கல்லில் போட்டு அடித்தாள். அப்படி ஓர் அடியை அந்தக் கல் பார்த்திருக்காது. நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினேன்.

அன்று நான் வயலுக்குக் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். ஓர் அச்சு வெல்லத்தைக் காகிதத்தில் மடித்து என் சட்டைப் பையில் போட்டாள். என்னிடமிருந்து வெல்லத்தைக் காப்பாற்ற வீட்டையே காலி செய்தவள்.

"கை நடுங்குனா உடனே வாயில போட்டுக்குங்க. வீடு வரைக்கும் வரணும்னு பாக்காதீங்க."

"சும்மாவே தின்னுட்டேன்னா?" என்று சீண்டினேன்.

"மாட்டீங்க," என்று சொல்லிவிட்டு என் செருப்பை எடுத்து முன்னால் வைத்தாள்.

இப்போதும் தினமும் பையில் வெல்லத்தோடுதான் வயலுக்குப் போகிறேன். காபியில் மாத்திரையை விட்டாகிவிட்டது. முதலில் குமட்டியது, இப்போது காபிக்கே ஒரு ருசி இருப்பது தெரிகிறது. போன வாரம் ஒருநாள் மதியம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்திருந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால் சுவரெல்லாம் எறும்பு, பந்தி என் சட்டைப் பையை நோக்கி. மனைவி வந்து பார்த்தாள், சட்டையை எடுத்துக் கொல்லையில் உதறினாள், பையிலிருந்த பொட்டலத்தை வெளியே எடுத்தாள். அதைப் பிரிக்கவில்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கவில்லை. அப்படியே ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டுத் திரும்ப என் பைக்குள்ளேயே வைத்தாள்.